ஐம்பதாவது தகவலாளர்

எந்த ஊரிலும் பிறக்காத ஒரு அம்மாள் எங்கள் ஊரில் வந்து இறங்கியது போன பங்குனி நாலாம் தேதி, காலை பத்தேகால் மணி பஸ்ஸில். கையில் பை இல்லை, மாற்றுச் சேலை இல்லை, காலில் செருப்பு இல்லை. நான் விலாசம் எழுதி, ஒட்டி, பதிவேட்டில் வரிசை எண் போட்டு அனுப்பிய கடித உறை மட்டும் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கல்லூரி வாசலில் நின்ற வாட்ச்மேன் கோயில்பிச்சையிடம், "என்னைய வரச்சொல்லி எழுதியிருக்காவளாம், வந்துட்டேன்" என்றார். கோயில்பிச்சை கடிதத்தைப் பார்த்தார், கல்லூரி முத்திரை இருந்தது, தேதி மட்டும் இன்னும் மூன்று வாரம் தள்ளி இருந்தது. "வெயில்ல நிக்காதீய, இப்படி நிழலுக்கு வாங்க" என்று தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்.

நான் இந்த உப்பூரணிக் கல்லூரி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷமாகத் தபால் பார்க்கிறவன்; வருகிற கடிதமும் போகிற கடிதமும் என் கை படாமல் நகராது, ஆகவே இந்த விஷயத்தில் எனக்கும் பங்குண்டு என்று முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் தமிழ்த்துறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றி யார் ஆய்வு செய்தாலும், பாட்டுச் சொன்ன அத்தனை பேரின் பெயர், வயது, தொழில், ஊர் எல்லாம் ஆய்வேட்டின் கடைசியில் தகவலாளர் பட்டியல் என்று வரும்; முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு ஊர் முன்னிலையில் நடக்கிற அன்றைக்கு, அந்தப் பட்டியலிலிருந்து ஒருவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திய பிறகுதான் ஆய்வாளரைக் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். பாட்டுக்குச் சொந்தக்காரருக்கு முதல் மரியாதை, பட்டத்துக்குச் சொந்தக்காரருக்கு அப்புறம். அந்த ஒரு வழக்கத்துக்காகவே எனக்கு எங்கள் தமிழ்த்துறையைப் பிடிக்கும்.

இந்த வருஷம் தேர்வு ஜெபக்கனிக்கு. எங்கள் கல்லூரியிலேயே படித்து, நாலு வருஷமாக இங்கேயே கௌரவ விரிவுரையாளராக இருக்கிறவள். பிள்ளைகளுக்கு அவள் மேடம், எனக்கு ஜெபக்கனிதான். உப்பளத்துப் பெண்களின் ஒப்பாரிப் பாடல்கள் என்று தலைப்பெடுத்து, மூன்று கோடையும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உப்புப் பாத்திகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து, அழுகிறவர்களோடு சேர்ந்து அழுது, அழுகை ஓய்ந்தபிறகு எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தவள். அப்படி நாற்பத்தொன்பது பேர். அவளுடைய நெறியாளர் வடிவு மேடம், ஐம்பது இருந்தால்தான் கையெழுத்து என்றுவிட்டார். ஐம்பது என்று எந்த விதியிலும் கிடையாது, அவருக்கு அது ஒரு பிடிவாதம். ஐம்பதாவதாகப் பாட ஒத்துக்கொண்டிருந்த அம்மாள் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பந்தல் போடப்போகிற வீட்டில் ஒப்பாரி சொல்ல மாட்டேன் என்றார், அது நியாயம்தானே. அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, பாத்தியெல்லாம் முழுகியது, பெண்கள் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள், ஆய்வேட்டைக் கொடுக்க நாலே நாள் இருந்தது.

அந்த நாலு நாளும் ஜெபக்கனி ஏஐயைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தாள். பட்டியலை வரிசைப்படுத்தச் சொன்னாள், படுத்தியது. ஆங்கிலச் சுருக்கத்தைத் திருத்தச் சொன்னாள், திருத்தியது. அடிக்குறிப்புகளை ஒரே மாதிரி ஆக்கச் சொன்னாள், ஆக்கியது. அதுவரைக்கும் ஒரு குற்றமும் இல்லை, முன்னுரையில் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வியாழக்கிழமை மத்தியானம், பட்டியலின் கடைசியில் ஐம்பது என்று எண் மட்டும் போட்டுக் காலியாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், மற்ற நாற்பத்தொன்பதைப் போலவே இன்னும் ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டாள். அரை நிமிஷம் ஆகவில்லை. பெயர் பூரணத்தாய், வயது அறுபத்தொன்று, தொழில் உப்பளக் கூலி, பள்ளி சென்றதில்லை, கணவரை இழந்தவர், விலாசம் முள்ளுவிளை மேலத்தெரு 4/17 என்று வந்தது, கூடவே பதினாலு வரியில் ஒரு ஒப்பாரியும் வந்தது.

கெட்டதிலும் கெட்டது என்னவென்றால், அந்தப் பாட்டு நன்றாக இருந்தது.

உப்பு வெளஞ்ச பாத்தி ஒம் பேரச் சொல்லுதய்யா
ஒம் பேர நாஞ்சொல்ல ஒதடு தெறக்கலையே

என்று அது தொடங்கும். புருஷன் பேரைச் சொல்லாத மரபை இதைவிட நயமாக யாரும் சொன்னதில்லை என்று வடிவு மேடம் கண்கலங்கினார். அந்த ஒரு பாட்டை வைத்தே கட்டுரை எழுதச் சொன்னார். மாசி மாதம் ஒரு ஆய்விதழ் அதைப் பிரசுரித்தது. வெளியூரிலிருந்து வரப்போகிற தேர்வாளர் தன் அறிக்கையில் இரண்டு பக்கத்தை அந்தப் பாட்டுக்கே கொடுத்தார். பொன்னாடை பூரணத்தாய்க்குத்தான் என்று துறை முடிவு செய்தது. ஜெபக்கனி அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. அப்படியொரு விலாசம் இல்லையென்று கடிதம் திரும்பி வரும், விஷயம் அத்தோடு போகும் என்று அவள் நினைத்திருந்தாளாம்.

கடிதம் திரும்பி வரவில்லை. முள்ளுவிளைத் தபால்காரரை நானே பிறகு விசாரித்தேன். மேலத்தெருவில் 4/16-க்கு அப்புறம் கருவேலங்காடுதான், ஆனால் அன்றைக்கு ஒரு வீடு இருந்தது, வாசலில் ஒரு அம்மாள் நின்றது, கொடுத்தேன், கொடுப்பதுதான் என் வேலை என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கும் ஒன்றும் இல்லை.

பூரணத்தாயை நான் தமிழ்த்துறைக்குக் கூட்டிப் போனபோது ஜெபக்கனி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். யார் வந்திருக்கிறது என்று சொன்னதும் எழுந்தாள், எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. பூரணத்தாய் போய் அவள் கன்னத்தைத் தடவி, "நீதானா தாயி அது, நல்லாருக்கியா?" என்று கேட்டார், நல்லா இருக்கேன்மா என்று சொல்லிவிட்டு ஜெபக்கனி முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அன்று சாயங்காலமே என்னிடமும் வடிவு மேடத்திடமும் நடந்ததைச் சொல்லிவிட்டாள். எங்கள் ஊரில் இரண்டு பேருக்குச் சொன்னால் அது ஊருக்குச் சொன்னதுதான்; மறுநாள் பால்காரர் வருவதற்குள் பூரணத்தாய் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

யாரும் அதற்காக மூக்கில் விரலை வைக்கவில்லை. பட்டியலில் பேர் இருக்கிறவர் வருவதில் என்ன அதிசயம், பேர் இல்லாதவர் வந்தால்தானே கேட்க வேண்டும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் அலுவலகச் சூப்பிரண்டு ஐயாவுக்கு இருந்த ஒரே கவலை அவரை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்பதுதான். கெஸ்ட் என்று எழுதி, அடையாள அட்டை எண் கேட்கிற கட்டத்தில் ஆய்வேடு, பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார். பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் கொடுத்தார்கள். பிள்ளைகள் சேலை கொண்டுவந்தார்கள், ஒருத்தி செருப்பு வாங்கி வந்தாள், விடுதிச் சமையற்கார அம்மாள் முதல் நாள் இட்லியை வைத்துவிட்டு, பூரணத்தாய் அதைத் தொட்டுப் பார்த்து, பிட்டுப் பார்த்து, வாயில் வைத்துக் கண்ணை மூடியதைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் மூன்று வாரமும் அவருக்குத் தனியாகச் சட்னி அரைத்தாள்.

பூரணத்தாய்க்குப் பேச்சு சரளமாக வரும், பரிவாக வரும், யார் வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். ஆனால் சின்னப் பிள்ளையில் என்ன விளையாடினீர்கள் என்று கேட்டால், கையைப் பிசைந்துகொண்டு, எழுதியிருந்ததை மட்டும் சொல்வார், வயசு அறுபத்தொண்ணு, உப்பளத்துக் கூலி, படிப்பில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல் கோயில்பிச்சை சம்சாரம் தான் ஆறு வயதில் கிணற்றில் விழுந்து பிழைத்ததை, "இத நீங்க வச்சுக்கிடுங்க மைனி, எனக்கு வேற இருக்கு" என்று கொடுத்தாள். அப்புறம் ஆளுக்கு ஆள் கொடுத்தார்கள், ஒருத்தி தன் காது குத்தின நாளை, ஒருத்தி பனங்கிழங்கு திருடி அடி வாங்கியதை, நான்கூட எங்கப்பா என்னைத் தோளில் வைத்துத் தேர் காட்டியதைக் கொடுத்தேன், கொடுத்த பிறகும் அது என்னிடம் குறையாமல் இருந்தது. எல்லாவற்றையும் அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். புருஷனை மட்டும் யாரும் இரவல் கொடுக்க முன்வரவில்லை.

அவருக்கு வேண்டியிருந்ததோ அது ஒன்றுதான். தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, அவர் எங்கே இருந்தாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும், அந்தப் பாட்டு தானாக வாயில் வந்துவிடும். பதினாலு வரியும் பாடி, மாரில் அடித்துக்கொண்டு அழுது, அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்காக அழுதோம் என்று தெரியாமல் சுற்றியிருப்பவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முதல் நாள் விடுதிப் பிள்ளைகளும் சேர்ந்து அழுதார்கள், நாலாம் நாளிலிருந்து அந்த நேரத்துக்கு எங்களால் அங்கே நிற்க முடியவில்லை. ஒரு நாள் அழுகை முடிந்ததும் அவர் ஜெபக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம் தாயி, நீதான் எழுதுனவ, ஒனக்குத் தெரியும்லா. எங்க வீட்டு அவிய கறுப்பா, செவப்பா? என்னைய அடிப்பாவளா, அன்பா இருப்பாவளா? எதுல செத்தாவ?"

ஜெபக்கனி தண்ணீர்ச் செம்பை எடுத்து நீட்டினாள்.

"செத்தத எழுதிருக்கியே, வாழ்ந்தத எங்க வச்ச?" என்று பூரணத்தாய் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வைத்த பொருளைத் தேடுகிறவர் கேட்பது போலத்தான் கேட்டார்.

அன்று சாயங்காலம் கல்லூரி விட்டபிறகு ஜெபக்கனி துறையில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள், தபால் கொடுக்கப் போன நான் வாசலில் நின்றேன். பூரணத்தாயின் கணவர் என்று அவள் ஏஐயிடம் அடித்தாள், திரையில் அவர் அரை நிமிஷத்தில் வந்துவிட்டார், பேர், வயது, மீசை, கோடைக்காலத்தில் மனைவிக்கு வாங்கிவந்த கண்ணாடி வளையல், அவர் இறந்த ஆடி மாதம், எல்லாம் அழகாக இருந்தது. சேமிக்கவா என்று கேட்டது. ஜெபக்கனி என்னைப் பார்த்தாள். "அண்ணாச்சி, இத ஆய்வேட்டுல போட்டா நாளைக்கு பத்தேகால் பஸ்ஸுல அவரு வருவாரா, அவரு பொணம் வருமா?" என்று கேட்டாள். அவள் அதை அழித்துவிட்டுக் கணினியை மூடினாள்.

இதற்கிடையில் உப்பளத்துப் பெண்கள் வந்து பூரணத்தாயைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பட்டியலில் பன்னிரண்டாவதாக இருக்கிற பேச்சிக்கனி, மூத்த மகனைக் கடலுக்குக் கொடுத்தவள், அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, இது உப்பில் நின்ற கையில்லை என்று உடனே சொல்லிவிட்டாள். சொன்னவளே அவரைப் பாத்திக்குக் கூட்டிப் போனாள். தொழில் அதுதான் என்று போட்டிருந்ததால் பூரணத்தாயும் இறங்கி நின்றார், பத்து நிமிஷத்தில் கால் வெந்துபோய் வரப்பில் உட்கார்ந்தார், பேச்சிக்கனி அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். மறுநாள் அதே எண்ணெய்க் கையோடு ஜெபக்கனியைப் பார்க்க வந்தாள்.

"நாங்க நாப்பத்தொம்பது பேரு அழுதது ஒனக்குப் பத்தாமப் போச்சோ?" என்று கேட்டாள். "எம்புள்ளைக்கு நான் அழுதத ஒன்ன நம்பித்தான குடுத்தேன். அதுக்குப் பக்கத்துல யாருக்கும் அழாத அழுகையக் கொண்டு வச்சிருக்க. படிக்கிறவனுக்கு எது எதுன்னு எப்படிட்டி தெரியும்? எல்லாமே மெஷினு அழுததுன்னுதான நெனப்பான்?"

ஜெபக்கனி அவள் காலைத் தொட்டாள், பேச்சிக்கனி காலை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குத்தான் ஜெபக்கனி தேர்வில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். பட்டம் போகலாம், ஆடியில் வருகிற உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட முடியாமல் போகலாம், அதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

ஊருக்கு வேறு பயம் வந்தது. பட்டியலால் வந்தவர், பட்டியலில் பேரை அடித்தால் போய்விடுவார் என்று சூப்பிரண்டு ஐயா அடித்துச் சொன்னார்; அவர் பதிவேடு விஷயத்தில் தப்புச் சொன்னதே இல்லை. அதற்குள் பூரணத்தாய் எல்லோருக்கும் வேண்டியவராகிவிட்டார், விடுதியில் இரண்டு பிள்ளைகள் அவர் மடியில் தலை வைக்காமல் தூங்குவதில்லை. ஆகவே நாங்கள் ஒவ்வொருவராகப் போய் ஜெபக்கனியிடம் கெஞ்சினோம், கோயில்பிச்சை கெஞ்சினார், சமையற்கார அம்மாள் கெஞ்சினாள், வடிவு மேடமே வந்து, "ஐம்பது ஐம்பதுன்னு பிடிவாதம் பிடிச்சது நான், பழியை நான் ஏத்துக்கிடுதேன், நீ பேசாம இரு" என்றார். நானும் கெஞ்சினேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஜெபக்கனி எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "தெனமும் பன்னெண்டு மணிக்கு அவங்க அழுறத நீங்க பாக்கலையா?"

தேர்வு பதினொரு மணிக்கு. கருத்தரங்கக் கூடம் நிறைந்துவிட்டது, உப்பளத்துப் பெண்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், காகிதத் தட்டுகளில் மிக்சரும் மைசூர்பாகும் எடுத்து வைத்திருந்தார்கள், பூரணத்தாய் பிள்ளைகள் கட்டிவிட்ட மாம்பழ நிறச் சேலையோடு முதல் வரிசையில் இருந்தார். தேர்வாளர் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஜெபக்கனி குறுக்கே போய் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"பொன்னாடைக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். இந்த ஆய்வேட்டோட ஆங்கிலச் சுருக்கத்தையும் அடிக்குறிப்பையும் பட்டியல் வரிசையையும் ஏஐதான் சரி பண்ணிக் குடுத்துச்சு, அத நான் எங்கயும் சொல்லல, சொல்லியிருக்கணும். ஐம்பதாவது தகவலாளர நான் பாக்கவே இல்ல. அவங்க பேரு, வயசு, ஊரு, அந்தப் பாட்டு எல்லாம் நான் கேட்டு அது எழுதினது. அந்தப் பாட்ட யாரும் பாடல. யாருக்காகவும் பாடல. யாரும் சாகல."

கூடத்தில் அத்தனை பேரும் பூரணத்தாயைத்தான் பார்த்தோம். கோயில்பிச்சை கண்ணை மூடிக்கொண்டார், போகிறதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார். பூரணத்தாய் மெதுவாக எழுந்தார்.

"அப்ப எங்க வீட்டு அவிய சாகலையா?"

"அப்படி ஒருத்தர் இல்லம்மா."

"நான் யாரையும் பறிகுடுக்கல?"

"இல்லம்மா. இல்லாத அழுகைய நாந்தான் ஒங்களுக்குக் குடுத்துட்டேன். என்ன மன்னிச்சிருங்க."

பூரணத்தாய் நெஞ்சில் கை வைத்து, மூன்று வாரமாக உள்ளே அடைத்துக் கிடந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டார், "யாரும் சாகலையாம்ளா" என்று திரும்பிப் பேச்சிக்கனியைப் பார்த்துச் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. மேலே இரண்டு பல் இல்லை, அதை யாரும் எழுதியிருக்கவில்லை. மகனை நினைத்து அழாத நாளில்லாத பேச்சிக்கனி, அவர் சிரிப்பதைப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுதுகொண்டே தானும் சிரித்தாள். பூரணத்தாய் போய்விடவில்லை. சூப்பிரண்டு ஐயா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தப்புச் சொல்லிவிட்டார்.

பிறகு நடந்தது நடந்தது. தேர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்துத் திருத்திக் கொடுக்கச் சொன்னார்கள். ஆய்விதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக் காரணத்தையும் அச்சிட்டது. ஆடி மாத வேலை ஜெபக்கனிக்கு இல்லாமலே போனது, அதற்காக அவள் அழுததும் உண்மைதான். திருத்திய ஆய்வேட்டில் நாற்பத்தொன்பது பேர்தான் இருக்கிறார்கள், எந்த வேலையை எது செய்தது என்று முன்னால் ஒரு பக்கம் இருக்கிறது, நாற்பத்தொன்பதுக்கும் வடிவு மேடம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதெல்லாம் பிறகு.

அன்றைக்கு, அந்தக் கூடத்தில், தேர்வாளர் இன்னும் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடியே நின்றார், பாவம், அவருக்கு அதை மடிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சிரித்துக்கொண்டிருந்த பூரணத்தாயைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார்.

"அப்ப இவங்க யாரு?" என்று கேட்டார்.

"தெரியாது சார்" என்றாள் ஜெபக்கனி. "இதுவரைக்கும் நான் கேக்கவே இல்ல."

அவள் ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, குறிப்பேடு இல்லாமல், பேனா இல்லாமல், வெறுங்கையோடு வந்து அந்த அம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒங்க பேரு என்னம்மா?" என்று கேட்டாள். "சொல்ல இஷ்டம் இருந்தாச் சொல்லுங்க."

அந்த அம்மாள் அவளையே பார்த்தார். யாரோ நீட்டிய மிக்சர் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இரு தாயி" என்றார். "யோசிச்சுச் சொல்லுதேன்."

ஜெபக்கனி காத்திருந்தாள்.